இரண்டாவது "காலி"

நடீன் ஹிக்கர்சனுக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள், பாத்திரம் தேய்ப்பாள். பயம் வந்தாலும் அதேதான். இரும்பு வாணலியைத் தேய்க்கக் கூடாது என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்து மினுங்க வேண்டிய பண்டம் அது. அந்த அக்டோபர் மாதம் ஒரு வாரம் முழுக்க அவள் வீட்டு வாணலிகளையெல்லாம் சுரண்டித் தேய்த்து வெளுக்க வைத்திருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அவள் மனசுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்று.

ஹார்லன் ஸ்பிரிங்ஸில் துப்பாக்கி இல்லாத வீடு என்று ஒன்று இருந்தால், அங்கே குடிவந்தவர்கள் இன்னும் சாமான் பிரிக்கவில்லை என்று அர்த்தம். மிசௌரி மாநிலத்தின் தென்கோடி. காடு, மேடு, பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே காரில் போகும் தூரம். ஆபத்தென்று ஷெரீஃபைக் கூப்பிட்டால் அவர் வந்து சேர்வதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். அதனால் எல்லாரும் வாங்கி வைத்திருக்கிறார்கள். சரி, வாங்கி வைத்தால் போதுமா? அதை எடுக்கவும் தெரியவேண்டும், எடுக்காமல் இருக்கவும் தெரியவேண்டும். அதற்குத்தான் சனிக்கிழமை வகுப்பு. தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் காலையில் பாடம், மதியத்துக்கு மேல் மண்மேட்டுக்கு எதிரே சுட்டுப் பழகுவது. நடத்துகிறவர்கள் நடீனும் அவள் புருஷன் கார்லண்டும். அவள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்து ஓய்ந்தவள். அவர் வெல்டர் வேலை பார்த்து ஓய்ந்தவர். புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள், புருஷனைப் பறிகொடுத்த பெண்கள், காட்டோரமாகத் தனியே இருப்பவர்கள் எல்லாம் வருவார்கள்.

கார்லண்டின் பாடம் எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்.

"வீட்டுக்குள்ள யாரோ வந்துட்டான். மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

யாராவது ஒரு வீராதிவீரன் பின்வரிசையிலிருந்து, "சுட்டுத் தள்ளுவேன் மிஸ்டர் கார்லண்ட்!" என்பான்.

"சுட்டுத் தள்ளுவ. அப்புறம் விளக்கப் போட்டுப் பாப்ப. உன் மச்சான் கிடப்பான். பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லுவ?" கூடம் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். "யாருன்னு தெரியாம கை இடுப்புக்குப் போகக் கூடாது. மொதல்ல பாக்கணும். பாத்தாத்தான் மத்ததெல்லாம்."

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. வகுப்புக்கு எடுத்துவரும் துப்பாக்கியைத் திறந்து காட்டாமல் மேஜையில் வைக்கக் கூடாது. குண்டு இருக்கும் அறைக்குள் கார்லண்ட் பார்த்து, "காலி" என்பார். அடுத்து நடீன் பார்த்துச் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவி, "காலி" என்பாள். கார்லண்டின் விரல் வெல்டர் விரல், கட்டைகட்டையாக இருக்கும், உள்ளே போகாது. அதனால் கண் அவருடையது, விரல் அவளுடையது என்று கல்யாணமான புதிதில் ஏற்பட்ட ஏற்பாடு. ஒருவர் தவறவிட்டாலும் மற்றவர் பிடித்துவிடுவார் என்ற கணக்கு. கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அது சர்ச்சில் ஆமென் சொல்வதுபோல ஆகிவிட்டது. அவர் "காலி" என்று வாயை மூடுவதற்குள் அவள் வாயும் திறந்துவிடும். விரல் போனதா இல்லையா என்று விரலுக்கே நினைவிருக்காது.

அன்று ட்வைலா வந்தாள். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். அந்தக் கோடையில்தான் புருஷன் ராய் மாரடைப்பில் போயிருந்தான். ஒரு துண்டில் சுற்றிய பழைய பிஸ்டலைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்தாள்.

"மிஸ் நடீன், ராயோட வண்டிப் பெட்டிக்குள்ள கிடந்துச்சு. நான் தொட்டதுகூட இல்ல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

கார்லண்ட் வாங்கினார். குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினார், தோட்டா அடுக்கை உருவினார், மேல்பாகத்தை இழுத்துத் திறந்தார். கை ஒவ்வொரு வேலையையும் பிசகில்லாமல் செய்தது. உள்ளே பார்த்தார்.

"காலி."

நடீனுக்கும் வாய் திறந்துவிட்டது. "கா" வரைக்கும் வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ட்வைலா பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள். பாவம், ராயை நினைத்துக்கொண்டாளோ என்று நடீனுக்குத் தோன்றியது; அந்த ஒரு நொடி தாமதத்தில் கண் உள்ளே போனது. பித்தளை மின்னியது.

தோட்டாவைப் பிடித்து இழுக்கிற கொக்கி தேய்ந்துபோன பழைய துப்பாக்கி. திறந்தாலும் உள்ளே இருப்பது வெளியே வராது. அப்படிப்பட்டதற்காகத்தானே இரண்டு பேர் பார்ப்பது!  நடீன் பக்கத்தில் கிடந்த சுத்தம் செய்கிற குச்சியை எடுத்து, குழாய் வழியாகத் தள்ளி, தோட்டாவை உள்ளங்கையில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் "காலி" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. கார்லண்ட் அதற்குள் அடுத்த ஆளிடம் போயிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நடீன்தான் வண்டி ஓட்டினாள். கொஞ்ச நாளாகவே அவள்தான் ஓட்டுகிறாள். கார்லண்டுக்கு முட்டி வலி என்று கேள்வி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முட்டி வலிக்கிற மனுஷன் மாடிப்படி மட்டும் எப்படி ஏறுகிறான்? வகுப்பில் சுட்டுக் காட்டும் வேலையையும் "தோள்பட்டை பிடிச்சிருக்கு, நீயே காட்டு" என்று அவள் தலையில் கட்டிவிட்டார். நம்மேல் இவ்வளவு மதிப்பா என்று இவள் பூரித்துப்போயிருந்தாள், பைத்தியக்காரி. பேப்பர் படிக்க மூக்குக் கண்ணாடி எப்போதும் தொலைந்தே கிடந்தது. சர்ச் விருந்தில் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டத்தின்மேல் இறைச்சிக் கிரேவியை ஊற்றிக்கொண்டு, "இப்படித் தின்னு பாரு, தனி ருசி" என்றபோது ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. இவளும்தான் சிரித்தாள்.

கண் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். கண் தெரியாத மனுஷன் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை இடுப்பில் குண்டு போட்ட பிஸ்டலோடு நடமாடிக்கொண்டிருக்கிறான். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வகுப்பு. மான் வேட்டைக் காலம் நெருங்குவதால் கூடம் நிரம்பி வழியும். இதை இப்படியே விட்டால் யாராவது சாவார்கள். நிறுத்தவேண்டுமென்றால் அந்த இடுப்பிலிருந்து அதைக் கழற்றச் சொல்லவேண்டும், அதுவும் கார்லண்ட் ஹிக்கர்சனிடம். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளையிடம் கார்ச் சாவியைப் பிடுங்கினால் ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருப்பான். துப்பாக்கியைப் பிடுங்கினால் உயிரோடு இருப்பான், அவ்வளவுதான்.

அதனால் வாணலி தேய்த்தாள்.

புதன்கிழமை ஸ்பிரிங்ஃபீல்டிலிருக்கும் மகன் டுவைட்டுக்குப் போன் போட்டாள். அவன் எதையும் கழற்றி மாட்டுகிற ஆள். உடனே வழி சொன்னான்.

"அம்மா, இதுக்கு ஏன் இவ்ளோ கவலப்படுற? உள்ள தோட்டாவ அடிக்கிற ஊசி இருக்கும்ல, அத எடுத்துடு. அப்பா பாட்டுக்கு மாட்டிக்கிட்டு சுத்தட்டும். சுடவே சுடாது. அவருக்குத் தெரியவும் தெரியாது."

"நாளைக்கு நெசமாவே ஒரு களவாணிப் பய வந்து நின்னா? அத நம்பித்தான உங்கப்பா முன்னால போய் நிப்பாரு?"

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"கூட வாழுற மனுஷனுக்குப் பொய்த் துப்பாக்கி குடுக்கச் சொல்றியாடா?"

"அப்ப நீயே சொல்லிடு அவர்கிட்ட."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொன்னேன்ல!" என்று போனை வைத்துவிட்டு இன்னொரு வாணலியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து கார்லண்ட் சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். தேய்க்க வீட்டில் வேறு பாத்திரம் இல்லை. நடீன் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். சட்டைப் பையிலிருந்து அந்தத் தோட்டாவை எடுத்து, பூப்போட்ட மேஜைவிரிப்பின்மேல் அவருக்கு நேரே வைத்தாள்.

"கார்லண்ட், இது என்னன்னு சொல்லு."

"எது?"

"உன் முன்னாலதான் வச்சிருக்கேன்."

அவர் கை மேஜைமேல் மெதுவாக வந்தது. தோட்டாவுக்கு இடப்பக்கமாகத் தடவிக்கொண்டு போனது. திரும்பி வலப்பக்கமாக வந்தது. ஒரு மஞ்சள் பூவை எடுக்கப் பார்த்தது. நடீனுக்குத் தாங்கவில்லை. தோட்டாவை அவர் விரலிடம் தள்ளிவிட்டாள். அவர் அதை உருட்டிப் பார்த்தார்; உருட்டியதுமே என்னவென்று தெரிந்துவிட்டது.

"ட்வைலாவோடது," என்றாள் நடீன். "நீ காலின்னு சொன்ன துப்பாக்கிக்குள்ள இருந்துச்சு."

கார்லண்ட் தோட்டாவைக் கீழே வைத்தார். "அங்கயே ஏன் சொல்லல?"

"அத்தனை பேர் முன்னாலயா? ஏன், நீ ஏன் சொல்லல? கண்ணு தெரியலன்னு கட்டின பொண்டாட்டிகிட்ட ஏன் சொல்லல?"

"கொஞ்சம் மங்கலாத்தான்..."

"பூவப் பொறுக்குற மனுஷா! மங்கலாமே மங்கல்!" மேஜையைத் தட்டினாள். "கண்ணு தெரியாம எப்படிய்யா வகுப்புல நின்னு காலி காலின்னு சொன்ன?"

"பின்னால நீ பாக்குறியே. உன் விரல் இருக்குல்ல? அது தப்பே பண்ணாது. நான் தப்பா சொன்னாலும் நீ பிடிச்சிடுவன்னுதான்..."

"நீ சொல்லிட்டியேன்னுதான் நான் சொன்னேன், முட்டாளே! நானும் பாக்கல!"

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது முழுதாக விளங்கியது. இவர் அவளை நம்பிக் கண்ணை மூடியிருக்கிறார். அவள் இவரை நம்பி விரலை மடக்கியிருக்கிறாள். இத்தனை நாளாக அந்தக் கூடத்தில் எந்தத் துப்பாக்கியையும் யாரும் பார்த்ததே இல்லை. ஊர் பிழைத்ததே பெரிய காரியம். 

கடைசியில் நடீன் சொன்னாள்: "இடுப்புல இருக்கறத எடுத்து வை."

"நடீன்..."

"எடுத்து வை கார்லண்ட். என்னைக் கெஞ்ச வைக்காத."

அவர் எழுந்து நின்றார். கத்தப்போகிறார், கதவை அறைந்துகொண்டு போகப்போகிறார் என்று அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் உறையிலிருந்து பிஸ்டலை உருவி, குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அடுக்கை எடுத்துவிட்டு, திறந்து மேஜைமேல் வைத்தார்.

"காலி," என்றார். அவ்வளவு மெதுவாக அந்த வார்த்தையை அவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

இந்தத் தடவை நடீன் பார்த்தாள். பார்த்துவிட்டு விரலையும் விட்டாள். காலிதான். தோட்டா அடுக்கை எடுத்துப் பார்த்தாள். அதிலும் ஒன்றும் இல்லை.

"தோட்டாவெல்லாம் எங்க?"

"பெட்டகத்துல. ஈஸ்டருக்கு மறுநாள் எடுத்து வச்சது."

"ஆறு மாசமா இத வெறுமனேயா கட்டிக்கிட்டுத் திரியுற?"

கார்லண்ட் உட்கார்ந்தார். மேஜைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்குக் காலைல இங்கதான் உக்காந்திருந்தேன். பின்கதவு திறந்துச்சு. வெயில் பின்னால இருந்து அடிக்குது. பெரிசா ஒரு உருவம், கையில என்னமோ அணைச்சுப் பிடிச்சிருக்கு. யாருன்னு கேட்டேன். பதில் இல்ல. மறுபடி கேட்டேன். உள்ள வருது, பதில் இல்ல. கை போயிடுச்சு நடீன். பாதி எடுத்துட்டேன்." நிறுத்தி மூச்சு விட்டார். "அப்ப நீ தும்முன."

நடீனுக்கு நினைவு வந்தது. துணிக்கூடையோடு கொல்லையிலிருந்து வந்தாள். துணிக் கிளிப்பை வழக்கம்போல வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் பதில் பேசவில்லை. என்னமோ கேட்கிறார், கிளிப்பை எடுத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்தாள். மகரந்தம் பறக்கிற காலம், வாசலிலேயே ஊரைக் கூட்டுகிற தும்மல் ஒன்று வந்தது. கிளிப்பெல்லாம் தரையில் தெறித்தன. கார்லண்ட் நாற்காலியில் தொப்பென்று விழுந்ததையும், பேயைப் பார்த்தவன் மாதிரி ஏன் முழிக்கிறாய் என்று தான் கேலி செய்ததையும் நினைத்துக்கொண்டாள்.

"உன் தும்மல் உலகத்துலயே வேற யாருக்கும் கிடையாது," என்றார் கார்லண்ட். "அது மட்டும் வரலன்னா..."

சொல்லி முடிக்கவில்லை. தோள் குலுங்கியது. வகுப்பில் ஒருநாளும் சிரிக்காத அந்த மனுஷன் அழுததை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

நடீன் எழுந்துபோய்ப் பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து அவர் தோளில் பட்பட்டென்று அடித்தாள். "சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரு வாரமா நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன்! வாணலியெல்லாம் போச்சு!" அடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த ஒரு வாரமாக அவள் பயந்து நடுங்கிய குண்டு அந்த வீட்டில் யார் இடுப்பிலும் இருக்கவே இல்லை. அவள் பக்கத்தில் நடமாடியது வெறும் இரும்பு. அப்பாடா என்று நெஞ்சு இறங்கியது. அந்தத் தும்மலுக்குக் கோடி புண்ணியம்.

"டாக்டர்கிட்டயாவது போயிருக்கலாம்ல?"

"எங்கம்மாவுக்குக் கண்ணு போன அதே நோய்தான் எனக்கும். அவளுக்கு மருந்தே இல்லன்னு சொல்லிட்டாங்க. போனா அதையேதான் சொல்லப் போறாங்க. சொல்லாத வரைக்கும் எனக்குக் கண்ணு இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

மறுநாள் தீயணைப்பு நிலையத்துக் கதவில் வகுப்பு இல்லை என்று காகிதம் ஒட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் பனிப்புயலுக்குக்கூட நிற்காத வகுப்பு. மதியத்துக்குள் ஊர் முழுக்க அவர்களுக்கு விவாகரத்து ஆகியிருந்தது. ட்வைலாவின் கடையில் வீடு யாருக்கு என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போனார்கள். சின்ன வயசுப் பெண். கார்லண்டின் கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தாள். நடீன் அவர் தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் ஹிக்கர்சன், ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு," என்றாள் டாக்டர்.

"எங்கம்மாவுக்கு வந்த அதானே?"

"இல்ல, அது வேற. அது உங்களுக்கு இல்ல, நல்லாப் பாத்துட்டேன். இது சும்மா கண்புரை. எடுத்துட்டு லென்ஸ் வச்சா தெரியும். காலைல வந்தா மதியம் வீட்டுக்குப் போயிடலாம்."

கார்லண்ட் நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். நடீன்தான் எழுந்தாள்.

"புரை! மனுஷா, வெறும் கண்புரை! இதுக்கா என்னை வாசல்ல வச்சு சுடப் பாத்த?"

வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது பெரிய கதைங்க," என்று அவர்களிடமும் சொல்லிவிட்டு, அந்த டாக்டர் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

முதலில் ஒரு கண், பிறகு மற்றது. வகுப்பு மறுபடி தொடங்கியது. இப்போது கார்லண்ட் பார்க்கும்போது நடீன் முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் பார்க்கும்போது அவர் திருப்பிக்கொள்கிறார். இரண்டு பேரும் பார்த்து முடித்த பிறகுதான் ஒன்றாக வாயைத் திறக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் இதென்ன கூத்து என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

நவம்பரில் ஒரு காலை. நடீன் துணிக்கூடையோடு பின்கதவைத் தள்ளிக்கொண்டு, "நான்தான்! நான்தான் வர்றேன்!" என்று கத்தியபடி வந்தாள். கண் சரியான பிறகும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

"தெரியுது நடீன். மூக்குல மாவு ஒட்டியிருக்கறது வரைக்கும் தெரியுது. எதுக்குக் கத்துற?"

மேஜைமேல் பிஸ்டல் திறந்து கிடந்தது. பக்கத்தில் தோட்டாப் பெட்டி. பெட்டி மட்டும் இன்னும் மூடியே இருந்தது.

"போடலையா?" என்றாள்.

"எடுத்துட்டு வந்துட்டேன். உக்காந்தே இருக்கேன்."

"கண்ணுதான் வந்துடுச்சே. இன்னும் என்ன யோசனை?"

கார்லண்ட் அந்தக் கதவையே பார்த்தார்.

"ஆறு மாசம் இத வெறுமனே கட்டிக்கிட்டு இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். ஒவ்வொரு தடவ அந்தக் கதவு திறக்குறப்பவும் உயிரே போகும், இன்னைக்கு எவன் வரப்போறானோன்னு. ஒருத்தனும் வரல நடீன். தினம் தினம் நீ மட்டும்தான் வந்த."

 நடீன் கூடையைக் கீழே வைத்து ஒரு படுக்கை விரிப்பை உதறினாள். அவர் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.